இல்லடு கள்

'கள்' என்று காதில் விழுந்ததும் நாம் அண்ணாந்து பார்த்துப் பழகிவிட்டோம். பனையோ தென்னையோ, மரத்திலிருந்து இறங்குவதுதான் நமக்குக் கள். ஆனால் சொல்லின் வயதோடு ஒப்பிட்டால் இந்தப் பழக்கம் இளையது. 'பனங்கள்', 'தென்னங்கள்' என்ற கூட்டுச்சொற்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. கள் என்றாலே மரத்துக் கள்தான் என்றிருந்தால் முன்னால் மரத்தின் பெயரை ஏன் ஒட்டவேண்டும்? 'நல்லெண்ணெய்', 'தேங்காயெண்ணெய்' கதைதான் இங்கும். எள் நெய்க்கு மட்டும் உரியதாயிருந்த எண்ணெய் என்ற சொல் எல்லா நெய்க்கும் விரிந்தது. கள்ளோ எதிர்த்திசையில் சுருங்கியது. ஒரு காலத்தில் அது அடுப்பங்கரையிலும் பிறந்தது.

அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் பாணனை வழிகாட்டி அனுப்பும் பெரும்பாணாற்றுப்படையைப் பிரித்தால் போதும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள்; உ.வே.சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய பத்துப்பாட்டில் ஒன்று. அதில் வரும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரத்தை ஒட்டியது என்று கருதுவோர் உண்டு. எப்படியானாலும் பாணன் நடப்பது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்கள் கிடக்கும் தொண்டை மண்ணில்தான்.

வழியில் ஆநிரை கவர்ந்து வந்தவர்கள் குடிக்கிறார்கள். அவர்கள் குடிப்பதற்குப் புலவர் தரும் பெயர் 'இல்லடு கள்'. வீட்டில் அட்ட கள். பக்கத்திலேயே 'தோப்பி' என்ற சொல்லும் நிற்கிறது. நெல்லில் செய்த கள் என்பது அதற்கு உரை. பீரை வீட்டிலேயே செய்து பார்க்கும் இன்றைய இளைஞர்கள் 'ஹோம்ப்ரூ' என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் உருவாக்கக் குழு எதுவும் கூடவேண்டாம். அச்சேறிய பிரதி கைக்கு வந்தே 130 ஆண்டு தாண்டிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது 'அடு'தான். அடுப்பு, அடுக்களை, அடிசில் எல்லாம் அதன் பிள்ளைகள். அடு + இல் சேர்ந்தால் அட்டில், அதாவது சமையலறை. திருப்பிப் போட்டால் இல் + அடு. கள்ளின் அடைமொழியும் அட்டிலும் ஒரே இரண்டு சொற்களால் ஆனவை என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம், இலக்கணம் சுளிக்காது. ஆங்கில 'ப்ரூ'வும் கொதிக்கும் சாற்றைக் குறிக்கும் 'பிராத்'தும் ஒரே வேரில் பிறந்தவை. மரம் ஏறிக் கள் இறக்குகிறவனுக்கு அடுப்பு வேண்டாம். தானியத்தை நொதிக்கவைக்கிறவனுக்கு அடுப்பில்லாமல் ஆகாது. இன்னொன்று: அடுதல் என்றால் சமைத்தல், கொல்லுதலும் அதுவே. வேண்டாத கிருமியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதானே.

வெக்கை மிகுந்த இந்த மண்ணில் அதை எப்படி அட்டார்கள்? வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் புலவர் செய்முறையையே எழுதிவைத்திருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அதை வாய் அகன்ற பிழாவில் கொட்டி ஆற்றுகிறார்கள். 'நல்லடை'யைக் கலக்கிறார்கள். வலுவான வாயுடைய சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு வைக்கிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அதனால் அதற்குப் 'பிழி' என்றும் பெயர்.

பிழாவைக் கவனிக்கவேண்டும். கொதித்த கூழ் மெதுவாக ஆறும் நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம். வெதுவெதுப்பான மாவுச்சத்தில் கண்டதெல்லாம் குடியேறும். இன்றைய பீர்க்காரர்கள் செப்புக் குழாய்ச் சுருளில் தண்ணீர் ஓடவிட்டுச் சீக்கிரம் குளிர்விப்பது இதற்காகத்தான். அகன்ற பாத்திரம் அதே வேலையைக் காற்றைக் கொண்டு செய்கிறது. நாள் கணக்கும் அப்படித்தான். குளிர்நாட்டு ஏல் வகைப் பீர் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஓரிரு வாரம் நொதிக்கும். நம் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அத்தனை நாள் விட்டால் ஈஸ்ட் தறிகெட்டுத் தலைவலி தரும் கனமான ஆல்கஹால்களைக் கக்கும், புளிப்புக் கிருமி மீதியைக் கெடுக்கும். இரண்டே நாளில் பிழிந்து குடித்துவிடுவது வெயிலோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

நல்லடை என்ன என்பதில்தான் வழக்கு. உரைவழி வந்த பொருள் நெல்முளை. முளையிலுள்ள நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும் என்பதால் பொருத்தமான விளக்கமே. ஆனால் புலவர் அந்த அடையைப் பாம்பு உறையும் புற்றின் குரும்பிக்கு ஒப்பிடுகிறார். குரும்பி என்றால் புற்றாஞ்சோறு. கறையான் தன் புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கும் கடற்பஞ்சு போன்ற கட்டி அது. அடையின் புறத்தைப் 'பூம்புறம்' என்கிறார். பூசணம் 'பூத்தது' என்று நாம் இன்றும் சொல்கிறோம். பூஞ்சையின் தலையிலும் அதே பூ. அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் அரிசி மதுவுக்குப் போடும் வில்லைகளும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் ஏறிய மாவு அடைகள்தான். ஆகவே அந்த அடை முளை மட்டுமல்ல, பூத்த முளையடை என்பது என் ஊகம். உவமையை இத்தனை துல்லியமாக எடுத்த ஆள் அடையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டிய பூஞ்சையை முதலிலேயே நிறையக் குடியேற்றிவிட்டால் வேண்டாததற்கு இடம் இருக்காது. நேற்றைய புளித்த இட்லிமாவில் ஒரு கரண்டி எடுத்துப் புதுமாவில் கலப்பவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அடுத்த சொல் 'அரியல்'. அரித்தெடுத்த கள். அரிசியில் கல் அரிக்கிறோமே, அதே அரி. (அரித்தால் கல் போகும், கள் வரும், இந்தச் சிலேடைக்கு வாசகர் பொறுத்தருள்க.) அதன் முன்னால் 'வெந்நீர்' என்று அடைமொழி வருகிறது. நீர் என்பதை நீர்மையாகக் கொண்டு காட்டமான கள் என்றும் படிக்கலாம். வெந்நீர் என்பதை வெந்நீராகவே கொண்டு சூடான நீர் விட்டு அரித்தது என்றும் படிக்கலாம். ஒருமுறையாவது சாடி கழுவியவர் இரண்டாவதன் பக்கம்தான் சாய்வார். நானும் அப்படியே.

கழுவுதல் பாட்டிலேயே இருக்கிறது. நீர்ப்பெயற்றுப் பட்டினத்தில் கள் அடும் பெண்கள் வள்ளங்களை, அதாவது கள் வட்டில்களை, கழுவிய நீர் வழிந்து ஓடிக் குழம்பாகிறது. அந்தச் சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. உலைக்கூடத்தின் சுத்தத்துக்குப் பின்வாசல் சேற்றைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிற்காலத்தில் 'அடு' ஒதுங்கி, 'காய்ச்சு' அந்த இடத்துக்கு வந்தது. சாராயம் காய்ச்சுவது வாலை வடிப்பது, வேறு தொழில். 'கள்ளச்சாராயம்' என்பதில் இருப்பதோ திருட்டைக் குறிக்கும் வேறொரு கள். 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர்ப் பக்கத்திலும் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது தொழிற்சாலை மெத்தனாலால். அதில் அடவும் இல்லை, காய்ச்சவும் இல்லை. கலந்தார்கள், விற்றார்கள்.

வீட்டில் அடுவதும் மரத்திலிருந்து இறக்குவதும் இன்று தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். பதநீருக்கு விலக்கு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பனை நிற்கும் இடங்களில் கோடையில் அது கிடைக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் எழும்பாது. தடவ மறந்தால் பகல் ஏறுவதற்குள் பெயர் மாறிவிடும், காவல் நிலையத்திலும் வேறு பெயரில்தான் எழுதுவார்கள். அந்தச் சாலையோரம் ஒரு தம்ளர் பதநீர் வாங்கிக் குடிக்கும்போது அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கும். அரிக்காமல் ஊற்றியிருப்பார்கள்.