ஆரஞ்சுக் கூம்பின் பூர்வீகம்

போன மாசம் ஊருக்குப் போனப்போ பரணில் ஒரு விசிடி கிடைச்சுது. 2003-ல் நடந்த எங்க அத்தை கல்யாணம். அதுல தாத்தா இருக்கார். 2009-ல் போயிட்டார், அவர் குரல் வேற எதுலயும் பதிவாகலை.

தட்டு முழுக்கக் கீறல். டேட்டா மீட்கிற மென்பொருளை விட்டு உறிஞ்சினதில் பாதி ஃபைல்தான் தேறிச்சு. பொட்டியில் இருந்த மத்த பிளேயர்கள் கைவிரிச்சிடுச்சு. விஎல்சி மட்டும் ஓட்டிச்சு. ஏன் அதால மட்டும் முடியுதுன்னு தேடினா, விடை அதோட பூர்வீகத்தில் இருக்கு. (ஆபீஸ்ல ஆணி நிறைய. இருந்தாலும் எழுதிடறேன்.)

1990-களின் நடுவில், பிரான்ஸின் எக்கோல் சென்ட்ரால் பாரி பொறியியல் கல்லூரி. விடுதி நெட்வொர்க்கை நடத்தினதே மாணவர்கள்தான். ஆமை வேக டோக்கன் ரிங். புதுசு வேணும், கேம் ஆட! அதைச் சொல்லிக் காசு கேட்க முடியுமா? நல்ல சாக்கு ஒண்ணு அமைஞ்சுது: ஆளுக்கொரு டிஷ், டீகோடர் வைக்கிறதுக்குப் பதில் ஒரே டிஷ்ஷில் சேட்டிலைட் டிவியைப் பிடிச்சு நெட்வொர்க் வழியா எல்லார் கணினிக்கும் அனுப்பறது. 1996-ல் திட்டம் ஆரம்பம், பேரு வீடியோலேன். அனுப்பறது சர்வர், பார்க்கிறது கிளையன்ட். அந்த 'வீடியோலேன் கிளையன்ட்'தான் சுருங்கி விஎல்சி ஆச்சு.

விஷயமே இங்கதான். நேரலையா வர்ற படத்தில் பாக்கெட் தொலையும். போனது போனதுதான், திரும்பக் கேட்க நேரமில்லை. அதனால வந்ததை வெச்சுச் சமாளிச்சு, தொலைஞ்ச இடத்தைத் தாண்டி அடுத்த நல்ல துண்டைப் பிடிச்சு ஓட்டற மாதிரி எழுதினாங்க. பாதி டவுன்லோட் ஆன படமும், கீறல் விழுந்த தட்டும் அதுக்குப் பாக்கெட் தொலைஞ்ச நெட்வொர்க் மாதிரிதான். கோடெக்கையும் தன் மூட்டையிலயே கட்டிக்கிட்டு வரும். கோடெக் பேக் தேடி அலைஞ்சு வைரஸ் வாங்கின தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

1998-ல் முதல்லேருந்து திரும்ப எழுதினாங்க. கல்லூரி சம்மதிச்சு 2001 பிப்ரவரி 1-ல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. அன்னிக்கு மறுத்திருந்தா ஏதோ ஒரு பழைய சர்வரோட மக்கிப்போயிருக்கும். கூம்பு? மாணவர்கள் தெருவிலிருந்து 'சேகரிச்ச' போக்குவரத்துக் கூம்புகள்தான் சின்னமாச்சு. டிசம்பரில் அதுக்குக் கிறிஸ்துமஸ் குல்லா வேற.

1.0 பதிப்பு வந்தது 2009 ஜூலையில். விளம்பரம் திணிக்கச் சொல்லிப் பல கோடி யூரோ பேரம் வந்தும், பொறுப்பில் இருக்கிற ழான்-பப்டிஸ்ட் கெம்ஃப் ஒத்துக்கலை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தா... வேணாம், விடுங்க.

2022 பிப்ரவரியிலிருந்து நம்ம நாட்டில் அவங்க தளம் திறக்கலை. அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாங்க, நவம்பரில் தடை நீங்கிச்சு.

விசிடிக்கு வருவோம். பதினோராவது நிமிஷம் திரை முழுக்கப் பச்சைக் கட்டம். அது விலகினதும் மண்டப வாசல்ல தாத்தா, யாரையோ பார்த்து, "சாப்பிடாமப் போனா அவ்வளவுதான், சொல்லிட்டேன்"ங்கிறார். பாட்டி மூணு தடவை ஓட்டச் சொன்னாங்க.