தோளில் பிறந்த ஓசை

சுவிட்சர்லாந்துச் சிற்பி ழான் டிங்கெலி 1978-ஆம் ஆண்டில் விந்தையான பொறி ஒன்றை அமைத்தார். மோட்டாரால் சக்கரங்கள் சுழலும். அவை சுழலச் சுழல இசைக்கருவிகள் தாமே ஒலிக்கும். அசையும் சிற்பம், ஓசையிடும் சிற்பம் என்று கலையுலகம் அதைப் போற்றிற்று. அத்தகைய ஒன்று அதற்கு நெடுங்காலம் முன்பே நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஆடி வந்தது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அதற்கு மோட்டார் இல்லை. மனித உடலே அதன் சட்டம். காவடியைத்தான் சொல்கிறோம்.

சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891-இல் ரயில் ஓடத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் ரப்பர் பரவியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிந்த பிறகும் கங்காணிகள் ஆள் சேர்த்தனர்; 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நின்றபாடில்லை. வந்தவர்களின் மூட்டைகளோடு உறுமியும் தப்பும் கப்பலேறின.

தோட்டத்தின் முதல் ஓசை பெரட்டு மணி. விடியுமுன் அது ஒலிக்கும். லயத்து மக்கள் எழுந்தோடி வரிசையில் நிற்பார்கள். பிறகு நிரைக்குப் போய் மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்ப்பார்கள். தோளில் ஒரு கழி, அதன் இரு முனையிலும் இரு வாளி. அதற்குக் காண்டா என்று பெயர். ரப்பர் மரத்து வடிநீரைப் பால் என்றுதான் நம் மக்கள் சொன்னார்கள்.

இப்போது பழைய பால்காவடியை நினைத்துப் பாருங்கள். தோளில் ஒரு தண்டு, இரு முனையிலும் இரு பாற்செம்பு! ஆண்டு முழுவதும் கிராணியின் கணக்குக்காகச் சுமந்த தோள், தைப்பூசத்தன்று தன் வேண்டுதலுக்காகச் சுமந்தது. பெரட்டு மணி ஒலித்தால் மனிதன் அசைய வேண்டும்; காவடியிலோ மனிதன் அசைந்தால்தான் மணி ஒலிக்கும். கால் எடுத்து வைக்கச் சலங்கை பேசும், தோள் சுழலக் காவடியில் கட்டிய மணிகள் கலகலக்கும்.

அந்த அசைவை நடத்துவது உறுமி. இடை சிறுத்து, இருபுறமும் தோல் போர்த்திய கருவி இது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள்; மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். வயலினில் வில் நரம்பைப் பற்றிப் பற்றி விடுவதுபோல, குச்சி தோலைப் பற்றி வழுக்கும். அழுத்தம் மாற ஒலியும் ஏறி இறங்கும். அதனால்தான் அது முரசுபோல் அதிராமல் மனிதத் தொண்டைபோல் முனகுகிறது.

பெரியார் 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்தபின் சீர்திருத்தக் கருத்துகள் தோட்டங்களிலும் வேரூன்றின. அலகு குத்துவதைச் சீர்திருத்தக்காரர்கள் கண்டித்ததில் நியாயம் உண்டு. ஆனால் தப்பையும் உறுமியையும் தாழ்வாகப் பார்த்தவர்கள் எல்லாரும் சீர்திருத்தக்காரர்கள் அல்லர். சாவு வீட்டில் அடிப்பவன் என்று சாதி சொல்லி வாசித்தவரை ஒதுக்கியவர்கள், அவர் வாசித்தால்தான் காவடியையும் ஆடினார்கள்.

பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. லயங்கள் கலைந்தன. உறுமி மட்டும் மக்களோடு பட்டணத்துக்குப் போயிற்று. இளைஞர்கள் உறுமி மேளக் குழுக்கள் அமைத்து, ஒரே நிறச் சட்டையணிந்து, பெருமையோடு வாசிக்கிறார்கள். தைப்பூசம் இன்று நெகிரி செம்பிலானில் பொது விடுமுறை; அன்று பெரட்டு இல்லை.