ஏழு நிமிடத் தீர்ப்பு

திருடனைச் சிறையிலிடுவதற்குக் கூடச் சாட்சியம் வேண்டும். ஒருவரைச் சித்தம் கலங்கியவர் என்று அடைத்து வைப்பதற்கு வேண்டாமா? நீதிமன்ற வரலாறுகளை வாசிக்கும் போதெல்லாம் இந்தக் கேள்வியோடு என் நினைவுக்கு வருபவர் எலிசபெத் பக்கார்ட்.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1851 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருந்தது. ஏனையோரை மனநோய் வைத்தியசாலையில் சேர்ப்பதற்குத் தேவையான சான்று, மணமான பெண்ணுக்குத் தேவையில்லை. கணவன் கேட்க, வைத்திய அத்தியட்சகர் இணங்கினால் போதும்.

எலிசபெத்தின் கணவர் தியோபிலஸ், கல்வினியப் போதகர். அவரது சமயக் கொள்கைக்கு மாறான கருத்துகளை மனைவி வெளிப்படையாகவே பேசினார். 1860 ஜூன் மாதம், ஆறு பிள்ளைகளின் தாயான அவர் ஜாக்சன்வில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மூன்று ஆண்டுகள் அங்கே கழிந்தன. மேன்முறையீடு செய்வதற்கு முதலில் ஒரு தீர்ப்பு வேண்டுமல்லவா? அவருக்கு விசாரணையே நடக்கவில்லை.

1863 இல் வெளியே வந்தவரைக் கணவர் வீட்டு அறையொன்றில் பூட்டி, யன்னல்களையும் ஆணியடித்து அடைத்தார். இரகசியமாக வெளியே சென்ற கடிதமொன்றின் பயனாக, நீதிபதி சார்ள்ஸ் ஸ்டார் ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்தார்.

1864 ஜனவரியில் கான்ககீ நகரில் யூரிமார் முன்னிலையில் விசாரணை நடந்தது. கணவர் தரப்பு வைத்தியர் ஒருவர், தையல் இயந்திர விற்பனையாளராக நடித்து எலிசபெத்தைச் சந்தித்துப் பேசியவர்! வைத்தியமும் இறையியலும் கற்ற டங்கன்சன் என்பவரோ, கருத்து வேறுபாடு பைத்தியமாகாது என்று சாட்சியமளித்தார். யூரிமார் ஏழே நிமிடங்களில் முடிவுக்கு வந்தனர்: எலிசபெத் தெளிந்த புத்தியுள்ளவர்.

வென்றவர் வீடு திரும்பியபோது கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவர்களுடன் கணவர் மசாசூசெட்சுக்குப் புறப்பட்டிருந்தார். வீட்டில் வேறு யாரோ வாடகைக்குக் குடியிருந்தனர். எலிசபெத் சோர்ந்துவிடவில்லை. நூல்கள் எழுதி விற்றார். சட்டமன்றப் படிகளில் ஏறினார். 1867 இல், யூரி விசாரணையின்றி எவரையும் அடைக்கக்கூடாது என்று இல்லினோய் சட்டமியற்றியது.

ஆனால், எவ்வளவு சான்று போதும்? இதற்கு விடை கிடைக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெக்சாஸில் தாயொருவர் மகனை வைத்தியசாலையில் அடைக்கக் கோரிய வழக்கு, அடிங்டன் எதிர் டெக்சாஸ் என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மகன் தன் நோயை ஏற்றுக்கொண்டார். தன்னால் ஆபத்து என்பதற்குச் சான்று போதாதென்றே வாதாடினார். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை; ஆனால், சாதாரண சிவில் வழக்கைப் போல நிகழ்தகவின் சமநிலையும் போதாது; தெளிவான, நம்பத்தகுந்த சான்று வேண்டும் என்றது நீதிமன்றம்.

கான்ககீயின் ஏழு நிமிடங்களுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 115 ஆண்டுகள். அதற்கிடையில் சான்றில்லாமலே கதவடைக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ!