சுமந்து ஏறிய தெய்வம்: போடி மலைச்சரிவின் குடிபெயர்வு மரபுகள்

மதுரையை விட்டு மேற்கே நடப்பது தமிழ் நினைவில் மிகப் பழைய வழி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மேற்கு வாசலால் வெளியேறி, வையைக் கரையோடு நடந்து, மலையேறி வேங்கை நிழலில் நிற்கிறாள். அவளைத் தெய்வமாக முதலில் கும்பிட்டவர்கள் மலைக்குறவர்கள். பிற்காலத்தில் போடிநாயக்கனூருக்கும் ஏலமலைக்கும் பிழைப்பும் அடைக்கலமும் தேடி வந்தவர்கள், தங்கள் பயணத்தில் தெய்வத்துக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

போடி ஜமீன் குடும்பத்தார் தெலுங்கு பேசும் ராஜகம்பளத்து நாயக்கர்கள். தங்கள் முன்னோர் அனந்தப்பூர்ச் சீமையின் குத்திக் கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் குடும்ப வழக்கு. கம்பளத்தாரிடமும், கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் காப்பிலியரிடமும் ஒரே கதை உண்டு. பெண் கேட்ட அரசனுக்குப் பெண் கொடுக்க மறுத்து இரவோடிரவாகக் கிளம்புகிறார்கள். பின்னால் படை, முன்னால் ஆறு. இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகின்றன. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இது பதிவாகியிருக்கிறது. பல சாதியாரும் சொல்லும் கதை என்பதால் இதை நடந்த நிகழ்ச்சிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. கிளம்பியவர்களின் மனநிலைக்கு நல்ல சான்று: போகுமிடம் தெரியாது, வழி மட்டும் திறக்கும் என்ற நம்பிக்கை. இங்கே தெய்வம் வழிவிடுகிறது, மனிதர் கடக்கிறார்கள்.

ஏலமலைப் பகுதியில் வாழும் பழங்குடியினரான முதுவர் வழக்கில் இது தலைகீழாகிறது. மதுரையிலிருந்து மலையேறியபோது மீனாட்சியின் திருவுருவைத் தாங்களே முதுகில் சுமந்து கேரளத்து நேரியமங்கலம் வரை கொண்டுபோனதாக அவர்கள் மரபு சொல்கிறது. முதுகில் இருந்தவை பிள்ளைகள் என்று இன்னொரு வழக்கு. இரண்டில் எது சரி என்று மல்லுக்கட்டலாம். வீண் வேலை என்றே தோன்றுகிறது. ஊரைக் காலி செய்பவர் விட்டுவிட முடியாதவற்றைத்தான் முதுகில் ஏற்றுவார். பிள்ளையும் சாமியும் அந்தப் பட்டியலில்தான் வரும். முதுவப் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள்.

எப்போது ஏறினார்கள் என்பதில்தான் சிக்கல். தெலுங்கு நாயக்கர்கள் பதினான்காம் நூற்றாண்டில் போடிநாயக்கனூரைக் கைக்கொண்டபோது முதுவர் மலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது தர்ஸ்டன் தொகுத்த கருத்துகளில் ஒன்று. டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரைக்கு வந்தது 1311இல். மதுரை நாயக்கர் ஆட்சி தொடங்கியது 1529 அளவில். ஆகவே 'நாயக்கர் வந்ததால் போனோம்' என்பதில் இரண்டு நூற்றாண்டுக் கலக்கங்கள் ஒரே நினைவாகச் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் அந்த வழக்கில் ஒரு கூர்மை இருக்கிறது. புங்க மரம் வளைந்து வழிவிட்ட கூட்டம் வந்து சேர்ந்த அதே சீமையிலிருந்துதான் இன்னொரு கூட்டம் சாமியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது.

மன்னான் பழங்குடி மக்களும் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்களாகவே தங்களைச் சொல்கிறார்கள். இடுக்கியின் கோவில்மலையில் இன்றும் அவர்களுக்கு அரசர் உண்டு. பாண்டிய மரபினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் பூஞ்ஞாறு அரச குடும்பமும் கூடலூர், குமுளி வழியாக மேற்கே இறங்கி, பூஞ்ஞாற்றில் மீனாட்சிக்குக் கோயில் எடுத்தது. முதுவர் முதுகில் போன அதே தெய்வம்தான்.

அந்த அரச குடும்பம் 1877இல் கண்ணன் தேவன் மலைப்பகுதியில் சுமார் 227 சதுர மைல் நிலத்தை பிரிட்டிஷ்காரரான ஜே. டி. மன்றோவுக்கு, ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகைக்குக் கொடுத்தது. அடைக்கலமாக ஏறிய மலை தோட்டமாக மாறத் தொடங்கியது அந்த ஒப்பந்தத்தில். அதன்பின் ஏறியவர்களைக் கூட்டிப்போனவர் ஆள் திரட்டும் கங்காணி; பிடித்து வைத்தது முன்பணக் கடன். இதை நம்பிக்கைப் பயணம் என்று சொல்வது கூலிகளின் பாடுகளை மறைப்பதாகும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அவர்களும் வெறுங்கையோடு போகவில்லை. ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் சாமியை நிறுத்துவது தமிழ்நாட்டுப் பழக்கம். எஸ்டேட் தோறும் காணும் மாரியம்மன், முனியாண்டி, கருப்பசாமி கோயில்களை அந்தப் பழக்கத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். திருவுரு சுருங்கிக் கைப்பிடி மண்ணாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

1956இல் மாநில எல்லைகள் மாறியபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றதால், அந்தக் கோயில்கள் வேறு மாநிலத்திலேயே இருந்துவிட்டன. வேலையிலிருந்து ஓய்வு பெறுபவர், வீட்டில் வேறு யாருக்கும் எஸ்டேட்டில் வேலை இல்லையென்றால், லயம் என்னும் எஸ்டேட் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். ஊர் திரும்பும் அவர் சாமியை மேலேயே விட்டுவிட்டு இறங்குகிறார். முதுவர் கதையில் இதற்கு இடமே இல்லை. அவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கவில்லை.

இன்று விடியும் முன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். தூக்குவாளியில் மதியச் சோறு போகிறது, பிடிமண் போவதில்லை. படுப்பதும் போடியில், கும்பிடும் கோயிலும் போடியில்.