முளையும் விளைவும்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பர் நம் பெரியோர். இம்மொழி எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வதற்கு விளையாட்டின் வரலாறு நல்லதொரு களமாகும்.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் மாதத்தில் தொடங்குகிறது. தொடங்குமுன்பே, அடுத்த கோடையில் எந்த மாணவன் தொழில்முறை ஆட்டக்காரனாவான், எத்தனையாவதாகத் தேர்ந்தெடுக்கப்படுவான் என்று வல்லுநர்கள் பட்டியலிட்டு விடுகின்றனர். தொழில்முறை அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கு 1947இல் ஏற்பட்டது. கணிப்பும் அதனோடு வளர்ந்தது.

1984ஆம் ஆண்டுத் தேர்வைப் பாருங்கள். ஹூஸ்டன் அணி முதலாவதாக எடுத்த ஹக்கீம் ஒலாஜுவான் சொன்னபடியே பெருவீரரானார், கணிப்பு பொய்க்கவில்லை. இரண்டாவதாக, போர்ட்லண்ட் அணி சாம் போவி என்னும் நெடிய இளைஞரை எடுத்தது. கல்லூரியிலேயே கால் காயத்தால் இரண்டு பருவங்களை இழந்தவர் அவர். பின்னரும் காயங்கள் அவரை விடவில்லை. மூன்றாவதாகச் சிக்காகோவுக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன். அவர் ஆறு முறை தம் அணிக்கு வாகை சூட்டினார். 2014இல் 41ஆவதாக எடுக்கப்பட்ட செர்பிய இளைஞர் நிக்கோலா யோக்கிச், 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

நம் நாட்டையும் இக்கணிப்பு தொட்டது. பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்த சத்னாம் சிங், 7 அடி 2 அங்குல உயரமுடையவர். 2015இல் டாலஸ் அணி அவரை 52ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. நாடெங்கும் நம்பிக்கை பொங்கியது. எனினும், அந்தத் தலைமைப் போட்டிகளில் ஓர் ஆட்டத்திலும் இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பிற்காலத்தில் அவர் மற்போர் அரங்கை நாடினார்.

இனி, நம் அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்துக்கு வருவோம். சின்னப்பம்பட்டி த. நடராஜன் கிரிக்கெட் ஆட்டக்காரர். 2015இல் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் அறிமுகமானபோதே அவர் பந்துவீசும் முறை குறித்து ஐயம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டார். 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அப்பருவத்தில் அவர் வீழ்த்தியது இரண்டே விக்கெட்டுகள். மறு ஆண்டு அவர் விலை 40 லட்சமாகச் சுருங்கிற்று. ஐதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் ஆடாமலே காத்திருந்தார். 2020இல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் வீரருமானார். அவரைப் பற்றிய எந்த ஆண்டின் கணிப்பை மெய்யென்பது?

உயரத்தை அளக்கலாம், ஓட்டத்தைக் கடிகாரம் காட்டும். காயம் வருமா, காத்திருக்கும் பொறுமை உண்டா, நல்ல ஆசான் வாய்ப்பாரா என்பவற்றுக்கு அளவுகோல் இல்லை. திருப்பூர் மக்களுக்கு இது புதிதன்று. பின்னல் இயந்திரத்திலிருந்து இறங்கும்போது பனியன் துணி அழகாகவே தோன்றும். சாயமேற்றித் துவைத்த பின்னரே அது எவ்வளவு சுருங்கும், எப்பக்கம் முறுக்கும் என்பது விளங்கும்.

ஆயினும், பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் நாம் அவசரப்படுகிறோம். ஒரு கோப்பையை வென்றவனின் படிப்பை நிறுத்தி, விளையாட்டே கதியென விடுகிறோம். மாவட்டத் தேர்வுப் பட்டியலில் பெயர் வராதவனை, ‘ஆடியது போதும்’ என்று பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறோம். இரண்டும் முளையைப் பார்த்து விலை பேசுவதே. முன்னவன் தேர்வெழுதட்டும், பின்னவனுக்கு மாலை நேர மைதானம் இன்னும் சில ஆண்டுகள் திறந்திருக்கட்டும். பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியது இதுவே.