கழுத்துக்குள் எட்டிப் பார்த்த கதை

போன வருஷம் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வலது கண்ணில் மட்டும் திரை இறங்கிய மாதிரி இருட்டிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதால் மத்தியானம் வரை யாரிடமும் சொல்லவில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "முதல்ல கழுத்துக்கு டாப்ளர் எடுத்துட்டு வாங்க" என்றார். கண்ணுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியில்தான் என் தேடல் ஆரம்பித்தது.

இந்தச் சம்பந்தத்தை மான்ட்ரியலில் இருந்த டாக்டர் மில்லர் ஃபிஷருக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒரு நோயாளிதான். பக்கவாதம் வந்த அவர், அதற்கு முன்பு ஒரு கண் அவ்வப்போது இருண்டதாகச் சொன்னார். வாதம் வந்த பக்கத்துக் கண் இல்லை, எதிர்ப்பக்கக் கண். வலது கண்ணுக்கும் மூளையின் வலது பாதிக்கும் கழுத்தின் வலப்புறம் ஏறும் கரோட்டிட் தமனிதான் ரத்தம் தருகிறது. அந்த மூளைப் பாதி இயக்குவதோ உடலின் இடது பக்கத்தை. அப்படியானால் கோளாறு கழுத்தில்! இறந்தவர்களின் கழுத்துத் தமனிகளை ஆராய்ந்து, 1951-ல் ஃபிஷர் தன் கட்டுரையை வெளியிட்டார்.

சரி, உயிரோடு இருப்பவரின் கழுத்துக்குள் பார்ப்பது எப்படி? 1927-லேயே லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் ஒரு வழி கண்டிருந்தார். கழுத்தைத் திறந்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைத் தமனிக்குள் செலுத்திப் படம் எடுப்பது. மோனிஸின் கைகள் கீல்வாதத்தால் முடங்கியிருந்தன; ஊசி போட்டவர் அல்மெய்டா லிமா. முதலில் பயன்படுத்திய ஸ்ட்ரான்ஷியம் புரோமைடால் ஒரு நோயாளி இறந்தார். பிறகு சோடியம் அயோடைடு. அப்புறம் தோரோட்ராஸ்ட்: படம் பளிச்சென்று வந்தது, ஆனால் அதில் இருந்தது கதிரியக்கத் தோரியம். உடலைவிட்டுப் போகாமல் தங்கி, பல வருஷம் கழித்துக் கல்லீரல் புற்றுநோயைக் கொடுத்தது.

பிறகு மருந்துகள் எவ்வளவோ மேம்பட்டன. ஆனாலும் ஆபத்து முழுசாகப் போகவில்லை. அறிகுறியே இல்லாதவர்களிடம் நடந்த ஏகாஸ் என்ற அமெரிக்க ஆய்வு 1995-ல் வெளிவந்தது. அதில் ஆபரேஷனுக்கு முன் ஆஞ்சியோகிராம் எடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கு அந்தப் பரிசோதனையாலேயே பக்கவாதம் வந்திருக்கிறது. பிழையைத் தேடப் போட்ட கருவியே சர்வரைச் சாய்ப்பது என் வேலையில் அடிக்கடி நடக்கும். அங்கே ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். இங்கே?

ஊசியே இல்லாத வழி ஒலியிலிருந்து வந்தது. ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் அல்ட்ராசவுண்டின் அதிர்வெண் மாறும். 1950-களில் ஒசாகாவில் சதோமுரா இந்த டாப்ளர் விளைவை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். 1974-ல் சியாட்டில் குழு ஒன்று, தமனியின் படத்தையும் ரத்தத்தின் வேகத்தையும் சேர்த்துக் காட்டும் டூப்ளெக்ஸ் ஸ்கேனரை வெளியிட்டது. தோட்டத்து ஹோஸ் பைப்பை விரலால் அமுக்கினால் தண்ணீர் சீறுமே, அதே கணக்குதான். குழாய் குறுகிய இடத்தில் வேகம் கூடும். வேகத்தை வைத்து அடைப்பு எத்தனை சதவீதம் என்று கணிக்கிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆஞ்சியோகிராமில் ரத்தம் போகும் பாதைதான் தெரியும், சுவர் தெரியாது. அல்ட்ராசவுண்டில் சுவரும் அதில் படிந்த கொழுப்பும் தெரியும். 1986-ல் மிலானில் பிக்னோலி குழுவினர் சுவரின் உள்ளடுக்குகளின் தடிமனையே அளந்து காட்டினார்கள்.

சதவீதம் ஏன் முக்கியம்? அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களை வைத்து நாசெட் என்ற ஆய்வு நடந்தது. 1991-ல் முடிவு வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் அடைப்புள்ள பக்கத்தில் பக்கவாதம்; ஆபரேஷன் செய்தவர்களில் 9 சதவீதம். 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஆபரேஷனால் பலனில்லை என்றும் பின்னர் தெரிந்தது.

அப்பாவின் ரிப்போர்ட்டில் 50-க்குக் கீழே. மாத்திரைகளோடு விட்டார்கள். ஜெல் தடவி இருபது நிமிஷம், அவ்வளவுதான், "கூசுச்சுடா" என்றார்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இது பொதுவாகத் தேவையில்லை என்பதே அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் பரிந்துரை. ஆனால் ஒரு கண் திடீரென்று இருண்டு தெளிந்தால், தெளிந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்பா மாதிரி மத்தியானம் வரை காத்திருக்காதீர்கள்.