யாழ்ப்பாணத்தில் மணத்துணை: வாய்ப்பும் வரம்பும்

மணத்துணை அமைவது ஊழின் செயல் என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கிவரும் கருத்தாகும். பெண்ணொருத்தியின் திருமணம் தாமதமாயின் பழி கிரகங்களின் மேல் ஏற்றப்படும். இக்கருத்து எண்ணிப் பார்க்குமிடத்து எவ்வளவு நிலைபெறும் என்பது ஆராயத்தக்கது.

குறிப்புப் பார்ப்பதில் இரச்சுப் பொருத்தமும் செவ்வாய்க் குற்றமும் தலையாயவை. 27 நட்சத்திரங்களும் ஐந்து இரச்சுகளாகப் பகுக்கப்படும். சிரசு இரச்சுக்கு மூன்று, ஏனையவற்றுக்கு ஆறு வீதம். ஆறு நட்சத்திரங் கொண்ட இரச்சிற் பிறந்த பெண்ணுக்கு எஞ்சிய 21 நட்சத்திரங்களும் பொருந்துவன. செவ்வாய் இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் நிற்பது குற்றம். பன்னிரண்டு இடங்களுள் ஏழு குற்றமற்றவை. நட்சத்திரமும் செவ்வாயும் சமமாகப் பரவியுள்ளன எனக் கொண்டால், நூறு ஆடவருள் ஏறத்தாழ 45 பேர் இவ்விரு சோதனைகளையுங் கடப்பர். விதிவிலக்குகளைச் சேர்ப்பின் தொகை மேலும் உயரும். ஆயினும் பெண்வீட்டார் கருத்திற் கொள்வோர் அந்நாற்பத்தைவரிற் சிலரே. ஏனையோரை விலக்குவது சாதியும் காணியும் சீதனமுமாகும்.

இதன் வேரைத் தேசவழமையிற் காணலாம். 1707 இல் ஒல்லாந்தரின் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்சு தொகுத்த இவ்வழக்கங்களைப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஏற்றனர். 1806 இல் ஆங்கிலேயர் அவற்றை உறுதிப்படுத்தினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து வகுக்கப்பட்டது. சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பொதுவாக உரிமையில்லை. ஆதலால் திருமணம் காணிப் பங்கீடாகவும் அமைந்தது. காணி உறவுக்குள்ளேயே நிற்கவேண்டுமென்ற எண்ணம் மச்சான் மச்சாள் திருமணத்தை வலுப்படுத்திற்று.

இவ்வெல்லை மாற்றத்தக்கது என்பதற்கு அமெரிக்க மிசன் சான்றாகும். 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவிய மிசனரிமார், அங்குக் கற்ற கிறித்தவ இளைஞருக்கு ஒத்த கல்வியுடைய துணைவியர் வேண்டுமென உணர்ந்தனர். 1824 இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலை தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். கல்வி முடியும்வரை தங்கிக் கிறித்தவரை மணந்த மாணவியருக்கு மிசனே சீதனம் அளித்தது. ஊழுக்கு விடப்பட்டிருந்த வாய்ப்பை ஒரு நிறுவனம் திட்டமிட்டுப் பெருக்கியது. ஆயினும் சீதனத்தை அதுவும் கைவிடவில்லை; சாதியெல்லையும் முற்றாக அழியவில்லை.

பின்னர் மலாயா உத்தியோகமும், 1905 இல் காங்கேசன்துறையை அடைந்த புகையிரதமும் மாப்பிள்ளை தேடும் தூரத்தைப் பெருக்கின. 1983 இன் பின் இலண்டனும் தொரன்ரோவும் அவ்வெல்லைக்குட் புகுந்தன. தூரம் விரிந்த அளவுக்குக் கேள்விகள் மாறவில்லை.

ஆகவே மணவாய்ப்பைப் பெரிதும் வரையறுத்தவை சட்டமும் சொத்தும் நிறுவனங்களுமேயாம். மனிதர் வகுத்த எல்லையை மனிதரே மாற்றலாம். அவ்வெல்லையை வகுத்தபோதெல்லாம் பெண்ணின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினாவாகும்.